விதை வீக்கம் ஒட்டுவாரொட்டியா?

சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னர், கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவர் தமது சைக்கிளை உருட்டிக்கொண்டு எம்முடன் ரோட்டு வரைக்கும் நடந்து வந்தார். வயது அறுபதை எட்டியிருக்கும். விதைநெல், பசளை என்று பேச்சுப் போய்க்கொண்டிருந்தது. ரோட்டுக்கு ஏறும் இடத்தில் நின்று, குரலைத் தாழ்த்தி, "சுவாமி, கீழே ஒரு பக்கம் வீங்கிக் கிடக்குது. தொட்டால் உயிர் போகுது. உது ஒட்டுவாரொட்டியோ?" என்று கேட்டார்.

அவரை அதிகம் வருத்தியது நோவு அல்ல என்பது பேசப் பேசத் தெரிந்தது. ஒரு கிழமையாக வீட்டில் அவருடைய பாயும் கோப்பையும் வேறாக வைக்கப்பட்டிருந்தன. சாரத்தைத் தனியே தோய்த்துத் தனியே காயப்போட்டார்கள். பேரப்பிள்ளையை மடியில் இருக்க விடுவதில்லை. "நான் ஒரு பிழையும் செய்யேல்லை. ஆனால் வீட்டிலை ஒருத்தரும் நம்பேல்லை" என்றார்.

மறுநாட் காலையே வைத்தியசாலைக்குப் போகும்படி மட்டுமே அன்று நாம் சொன்னோம். அவர் கேட்ட கேள்விக்குரிய பதிலை இங்கே சற்று விரிவாக எழுதுகின்றோம். கிணறு, மலசலகூடம், கோழி வளர்ப்பு, பிள்ளைகளின் நிறை என்று எத்தனையோ விடயங்களை எழுதிய நாம் இதனைத் தொடத் தயங்கியது உண்மை. பெண்களுக்குக் கிளினிக் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் வீடு தேடியும் வருகின்றார். ஆண்களின் உடம்பைப் பற்றியோ சாராயக்கடையில் பகிடியாகப் பேசுவதோடு சரி.

சுருண்டு கிடக்கும் குழாய்

ஒவ்வொரு விதையின் பின்புறத்திலும் மெல்லிய குழாயொன்று சுருண்டு சுருண்டு ஒட்டிக் கிடக்கின்றது. விரல்களால் மெல்லத் தடவிப் பார்த்தால் மிருதுவான கயிற்றுச் சுருள் போலத் தட்டுப்படும். இதனைக் கட்டி என்று எண்ணிப் பயப்படும் இளைஞர்களும் உண்டு. வைத்தியர்கள் இதை எபிடிடிமிஸ் என்பார்கள். நாம் விதைமேற் குழாய் என்று சொல்லிக்கொள்வோம். சுருளை அவிழ்த்து நீட்டினால் அது ஏறக்குறைய 6 மீற்றர், அதாவது 20 அடி நீளமானது. விதையில் உண்டாகும் விந்தணுவுக்குத் தொடக்கத்தில் நீந்தும் சக்தி இல்லை. இந்த 20 அடிக் குழாயினூடாக மெல்ல மெல்ல நகர்ந்து வரும் நாட்களிலேயே அது முதிர்ச்சி பெறுகின்றது.

இக்குழாய் மேலே ஏறி, விந்துக்குழாயாகி, புரொஸ்டேட் சுரப்பியின் ஊடாகச் சென்று சலவழியுடன் சேருகின்றது. சலமும் விந்தும் வெளியேறுவது அந்த ஒரே வழியால்தான். ஆகவே சலவழியிலோ சலப்பையிலோ புகுந்த கிருமி, வாய்க்காலில் எதிர்நீச்சல் போடும் மீனைப் போல, வந்த வழியே பின்னோக்கி ஏறி விதைமேற் குழாயை அடையலாம். அங்கே அழற்சி உண்டாகும். ஒரு பக்கத்து விதையின் பின்புறம் நோகத் தொடங்கி, ஓரிரு நாட்களில் விதைப்பை வீங்கிச் சிவந்து சுடும். சலம் போகும்போது எரியலாம், அடிக்கடி போக வேண்டி வரலாம், குறி நுனியில் சீழ் போன்ற கசிவு வரலாம், காய்ச்சலும் காயலாம். எல்லாருக்கும் எல்லாம் வருவதில்லை. சிலருக்கு நோவும் வீக்கமும் மட்டுமே.

விதைப்பையில் காணும் எல்லா வீக்கமும் இதுவல்ல. ஓதம் என்று நாம் சொல்லும் நீர் கோத்த வீக்கம் பெரும்பாலும் நோவதில்லை. குடலிறக்கம் படுத்தால் உள்ளே போகும், எழுந்தால் வெளியே வரும். உள்ளே போகாமல் இறுகி நோகத் தொடங்கினால் அது ஆபத்து. நோவில்லாத கட்டி விதையிலேயே இருந்தால், முக்கியமாக இளம் வயதினருக்கு, புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். இவற்றைப் பிரித்தறிவது வைத்தியரின் வேலை. ஆனால் வீட்டிலுள்ளவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய வேறொரு நோய் உண்டு. ஒட்டுமா ஒட்டாதா என்ற பேச்சுக்குப் போவதற்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

விடியும் வரை காத்திருக்கக் கூடாத நோவு

விதை ஒரு கயிற்றில் தொங்குவது போலத் தனது இரத்தக் குழாய்களில் தொங்குகின்றது. சில வேளை அந்தக் கயிறு முறுக்கிக்கொள்ளும். இரத்தம் போவது நின்றுவிடும். இது கிருமியால் வருவதல்ல, யாருக்கும் தொற்றுவதுமல்ல. எந்த வயதிலும் வரலாமெனினும் 12 முதல் 18 வயது வரையான பையன்களுக்கே அதிகம் வருகின்றது. விளையாட்டின்போது வரலாம், உறக்கத்திலும் வரலாம். விதைமேற் குழாயின் நோவு நாள் கணக்கில் கூடி வரும். முறுக்கின் நோவோ சட்டென்று உச்சத்துக்கு ஏறும். வாந்தியும் கூட வரும். விதை மேலே இழுபட்டுக் குறுக்காகக் கிடக்கும்.

எமக்குத் தெரிந்த 14 வயதுப் பையன் ஒருவன் நள்ளிரவில் எழுந்து துடித்தான். தாய் கேட்டபோது, வெட்கத்தினால், "வயிற்றுக்குத்து" என்றே சொன்னான். அவர் ஓமம் அவித்துக் கொடுத்தார். வாந்தி எடுத்தான். வயிற்றுக்கோளாறு என்பது அதனால் உறுதியாகிவிட்டது. விடிந்து, முதல் பஸ் பிடித்து, ஆதார வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டு, சத்திரசிகிச்சை மேசையில் கிடத்தியபோது அரை நாளுக்கு மேல் ஆகிவிட்டிருந்தது. விதை கறுத்துப் போய்விட்டது. அதை அகற்றி, மற்றையதும் முறுக்காதபடி தைத்து அனுப்பினார்கள். மீதியாக இருக்கும் ஒன்று நல்ல நிலையில் உள்ளது. அவன் நாளை தகப்பனாவதற்கு அது போதும். ஆனால் அந்தத் தாய், "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால்" என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முறுக்கிய நேரத்திலிருந்து 6 மணித்தியாலத்துக்குள் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றலாம். 24 மணித்தியாலம் கடந்தால் காப்பாற்றுவது அரிது. கையால் தாங்கிப் பிடித்தால் நோவு குறைகின்றதா என்று பார்த்து இரு நோய்களையும் பிரிக்கலாம் எனச் சிலர் சொல்வார்கள். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. சடுதியாக வந்த கடும் நோவு என்றால் முறுக்கு என்றே எண்ணி, சத்திரசிகிச்சை வசதியுள்ள வைத்தியசாலைக்கு உடனே கொண்டு போக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அது வரத் தாமதமானால் ஊரில் யாருடைய ஓட்டோ இரவில் வரும் என்பதையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். சத்திரசிகிச்சை தேவைப்படலாமாகையால் வழியில் பையனுக்குச் சாப்பிடக் கொடுக்க வேண்டாம். வயிற்றுக்குத்து என்று மகன் சொன்னால், "கீழேயும் நோகுதோ?" என்று தகப்பன் ஒரு கேள்வி கேட்கலாம்.

வீக்கம் ஒட்டாது, கிருமி?

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். வீக்கம் என்பது உடம்பு கிருமியுடன் நடத்தும் போராட்டத்தின் விளைவு. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதில்லை. போகக்கூடியது, வீக்கத்தை உண்டாக்கிய கிருமி. அந்தக் கிருமி எதுவென்று தெரியாமல் ஒட்டும் என்றோ ஒட்டாது என்றோ சொல்ல முடியாது.

வயது முதிர்ந்தவர்களில் பெரும்பாலும் காரணமாவது ஈ. கோலி போன்ற குடற் கிருமி. அது எல்லா மனிதரின் குடலிலும் இருப்பதே. வயதாக ஆகப் புரொஸ்டேட் சுரப்பி பருத்து, சலம் முற்றாக வெளியேறாமல் சலப்பையில் தேங்குகின்றது. தேங்கிய நீரில் பாசி பிடிப்பது போலத் தேங்கிய சலத்தில் கிருமி பெருகும். சலம் போகாமல் ரியூப் போட்டவர்கள், சலவழியில் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஆகியோருக்கும் இவ்வாறு வரலாம். சிறு பிள்ளைகளுக்கு வந்தால் சலவழியின் அமைப்பிலேயே ஏதாவது குறை உண்டோ என்று வைத்தியர்கள் பார்ப்பார்கள். இவ்வகை அழற்சி மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தொற்றுவதில்லை.

சுமார் 35 வயதுக்குக் குறைந்த, உடலுறவில் ஈடுபடும் ஆண்களிலோ பெரும்பாலும் காரணமாவது கிளமீடியா என்ற கிருமியும், வெட்டை என்று நாம் சொல்லும் கொனோரியாவின் கிருமியும். இவை நிச்சயமாகத் தொற்றும். ஆனால் பெரியவர்களுக்கு இவை தொற்றும் வழி உடலுறவே. ஒரே கிணற்றில் குளிப்பதால், ஒரே மலசலகூடத்துக்குப் போவதால், சாரத்தை மாற்றிக் கட்டுவதால், ஒரே பாயில் பிள்ளையைக் கிடத்துவதால், ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் இவை தொற்றுவதில்லை. கிளமீடியாவே காரணமாக இருந்திருந்தாலும் அந்தப் பெரியவரின் கோப்பையை வேறாக வைத்ததில் அர்த்தமில்லை.

35 என்பது ஒரு கோடு மட்டும். 25 வயதுப் பையனுக்கும் சாதாரண சலத்தொற்று வரலாம். அறுபது வயதுக்காரருக்கும் பாலியல் தொற்று வரலாம். வயதைப் பார்த்து ஊரார் தீர்ப்பெழுத முடியாது. சலப் பரிசோதனையும் கசிவுப் பரிசோதனையும் அதற்கென்றே உள்ளன.

வேறு சில கிருமிகளும் இந்த இடத்தைத் தாக்குவதுண்டு. கூகைக்கட்டு எல்லோரும் அறிந்த நோய். அது இருமல், தும்மல், எச்சில் வழியே தொற்றும். பருவமடைந்த ஆணுக்கு அது வந்தால், நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குக் கன்னம் வீங்கிச் சில நாட்களில் விதையும் வீங்கும். அவரிடமிருந்து மற்றவருக்குப் போவது கூகைக்கட்டே. வாங்கியவர் ஐந்து வயதுப் பிள்ளையாயின் கன்னம் வீங்கி மாறிவிடும், விதையில் பொதுவாக ஒன்றும் வராது. 2011ஆம் ஆண்டு முதல் எமது நாட்டுப் பிள்ளைகளுக்கு இதற்கான தடுப்பூசியும் போடப்படுகின்றது. சயரோகம் நெஞ்சில் இருந்து இரத்தத்துடன் இங்கே இறங்கி, அதிகம் நோகாத கடினமான கட்டியாக மாதக்கணக்கில் கிடக்கலாம். பிறருக்குத் தொற்றும் ஆபத்து அந்தக் கட்டியால் அல்ல, நெஞ்சில் சயரோகம் இருந்தால் இருமலால்தான்.

மாடு ஆடு வளர்ப்போர் புரூசெல்லா என்ற பெயரை மிருக வைத்தியரிடம் கேட்டிருப்பீர்கள். கன்று அழிந்த பசுவின் இளங்கொடியை வெறுங்கையால் எடுப்பதாலும், காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும் அக்கிருமி மனிதருக்கு வருகின்றது. விட்டு விட்டுக் காய்ச்சல், மூட்டு நோவு, சிலருக்கு விதை வீக்கம். மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. யானைக்கால் நோயின் புழுவும் இதே இடத்தில் வீக்கத்தையும் ஓதத்தையும் உண்டாக்கும். எமது நாட்டில் அது மேல், தென், வடமேல் மாகாணங்களின் கரையோரத்தில் இருந்தது, நுளம்பினாலேயே பரவும். பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக அது இலங்கையில் இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. கடைசியாக, கிருமியே இல்லாமலும் இந்த வீக்கம் வரலாம். இதயத் துடிப்பைச் சீராக்கக் கொடுக்கப்படும் அமியோடரோன் என்ற மருந்தும் அரிதாக இதனை உண்டாக்கும்.

யார் முதலில்?

பாலியல் தொற்று என்று வைத்தியர் சொல்லிவிட்டால் குடும்பத்தில் எழும் முதற் கேள்வி இதுதான். நாம் கண்ட வரையில் இந்தக் கேள்வியே மருந்தைத் தாமதப்படுத்துகின்றது. கிளமீடியா பெரும்பாலான பெண்களில் எந்த அறிகுறியையும் காட்டாது. ஆண்களிலும் பலருக்குக் காட்டாது. மாதக்கணக்காக, சில வேளை அதற்கும் மேலாக, அது மறைந்து கிடக்கலாம். எனவே இன்று வீங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, இன்ன மாதம் நீ இன்ன இடத்தில் இருந்தாய் என்று கணக்குப் போட முடியாது. நோவு கணவனுக்கு வந்ததால் குற்றம் கணவனுடையது என்றோ, மனைவிக்கு ஒன்றுமில்லாததால் அவர் சுத்தம் என்றோ, கணவன் வெளியே போகாததால் மனைவியே கொண்டு வந்தார் என்றோ சொல்வதற்கு இந்த நோய் இடந்தருவதில்லை. பிழை நடந்திருந்தால் அதைப் பேசவும் மன்னிக்கவும் வேறு நேரமுண்டு. மருந்து முதலில்.

வேறொரு மாவட்டத்தில் மாதக்கணக்கில் தொழிலுக்குப் போய் வந்த இளைஞர் ஒருவர் மருந்துக்கடையில் நாலு நாளுக்கு மாத்திரை வாங்கி விழுங்கினார். நோவு தணிந்தது. மிச்சத்தை விட்டுவிட்டார். இரண்டு மாதத்தின் பின் மறு பக்கமும் வீங்கியது. இம்முறை வைத்தியர் மனைவியையும் கூட்டிவரச் சொன்னார். அவர் செய்தது என்னவென்றால், தமக்குத் தந்த மாத்திரையில் பாதியைத் தேநீரில் கரைத்து மனைவிக்குத் தெரியாமல் கொடுக்க முயன்றார். மனைவி அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. அந்த மாத்திரை டொக்சிசைக்கிளின், கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை. தேநீர் கைத்ததால் மனைவி ஊற்றிவிட்டார் என்பது அவர்களுடைய அதிர்ஷ்டம். கர்ப்பிணிகளுக்கென வேறு பாதுகாப்பான மருந்து உண்டு. ஆனால் அதைப் பெறுவதற்கு அவர் வைத்தியரின் முன் உட்கார வேண்டும்.

மனைவிக்குச் சிகிச்சை செய்யாவிட்டால் கிருமி கணவனுக்குத் திரும்பி வரும் என்பது ஒரு பக்கம். மறு பக்கம் அதைவிடப் பாரதூரமானது. பெண்ணின் உடலில் அது கருப்பைக்கும் கருக்குழாய்களுக்கும் ஏறிக் குழாய்களை அடைத்துவிடலாம். பிள்ளையில்லை என்று எத்தனையோ பெண்கள் ஊராரின் பேச்சை வாங்குகின்றார்கள். அவர்களில் சிலருக்காவது காரணம் கணவனிடமிருந்து வந்த, அவர்கள் ஒருபோதும் உணராத ஒரு தொற்றாக இருக்கலாம். ஆணுக்கும் இரு பக்கமும் தாக்கித் தழும்பு விழுந்தால் 20 அடிக் குழாய் அடைபட்டு அதே நிலை வரும். ஆகவே நோவு தொடங்குவதற்கு முந்திய 60 நாட்களுக்குள் உறவு கொண்ட யாவரையும் பரிசோதித்து மருந்து கொடுக்க வேண்டும் என்பது விதி. இருவரும் மருந்தை முடித்து, நோவும் கசிவும் மாறும் வரை உடலுறவு கூடாது.

வைத்தியசாலையில்

சலத்தையும், கசிவு இருந்தால் அதையும் பரிசோதிப்பார்கள். முறுக்கோ கட்டியோ என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கான் செய்வார்கள். ஸ்கான் நோவதில்லை. பாலியல் தொற்று என்றால் வழக்கமாக ஓர் ஊசியும் சுமார் 10 நாளுக்கு மாத்திரையும். குடற் கிருமி என்றால் வேறு மாத்திரை. எச்.ஐ.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கு இரத்தம் சோதிப்பதும் வழக்கம். அதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியதில்லை. டொக்சிசைக்கிளினைப் பாலுடனோ இரும்புச்சத்து மாத்திரையுடனோ சேர்த்து விழுங்கினால் அதன் பலன் குறையும். நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும்.

வீட்டில் படுத்திருக்கும்போது சுருட்டிய துவாயொன்றை விதைப்பையின் கீழ் வைத்து உயர்த்தி விட்டால் நோவு தணியும். எழுந்து நடக்கும்போது இறுக்கமான உள்ளாடை அணியலாம். துணியில் சுற்றிய ஐஸ் நல்லது. சுடு ஒத்தணமும், எண்ணெய் பூசி உருவுவதும் வேண்டாம். மருந்து தொடங்கி 3 நாளில் குறைவு தெரியாவிட்டால் திரும்பவும் காட்ட வேண்டும். சீழ் கட்டியிருக்கலாம், அல்லது நோய் வேறாக இருக்கலாம். நோவு போன பின்னரும் வீக்கம் சில வாரங்கள் நிற்கும். அதைக் கண்டு மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடக் கூடாது. மருந்து முழுவதும் முடிந்த பின்னும் கட்டி கரையாமல் நின்றால் அதையும் காட்டத்தான் வேண்டும்.

பாலியல் நோய்களுக்கான அரசாங்கக் கிளினிக்குகள் மாவட்டங்களின் பெரிய வைத்தியசாலைகளில் இயங்குகின்றன. பரிசோதனையும் மருந்தும் இலவசம். உங்கள் விபரம் வெளியே போகாது. இருந்தும் அந்த வாசலில் யாராவது கண்டுவிடுவார்களோ என்ற பயத்தில், கொழும்பு டி சேரம் பிளேசில் உள்ள கிளினிக்குக்கு இரவு பஸ் ஏறிப் போன ஒருவரை நாம் அறிவோம். அங்கே வாங்கில் தமது ஊர்க்காரர் ஒருவர் தமக்கு முன்பே உட்கார்ந்திருந்ததாகப் பின்னர் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

குளத்தின் கீழ் வயல் செய்யும் பெரியவருக்கு வந்தது சலத்தொற்றுத்தான். மூன்று கிழமைக்கு முன் சலம் அடைத்து, வைத்தியசாலையில் ரியூப் போட்டுக்கொண்டதை அவர் எம்மிடம் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அவர் நினைக்கவேயில்லை. வைத்தியர் கேட்டபோதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. நாம் சொன்னபடி அடுத்த தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். இது யாருக்கும் தொற்றாது என்று வைத்தியரே அவருக்கு நேரில் சொன்னார். அன்றிரவே பாய் பழைய இடத்துக்கு வந்துவிட்டதாம். பேரப்பிள்ளையும் மடிக்கு வந்துவிட்டான். ஆனால் சலம் அடைத்ததற்குக் காரணமான புரொஸ்டேட்டைக் காட்டுவதற்குக் கொடுத்த திகதிக்கு அவர் போகவில்லை. கேட்டால், "அரிவு வெட்டு முடியட்டும், சுவாமி" என்கிறார். அடுத்த கூட்டத்திலும் கேட்போம்.